புதிதாக வந்த 26 மாதப் பிள்ளை, வெள்ளிக்கிழமை ஆஃப்ஸ்டெட்: எங்கிருந்து தொடங்குவது?

மழலைமுற்றம் (ஹரோ) | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டராகப் பதிந்து இரண்டு வருடம் ஆகிறது. பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் பரிசோதிக்கும் ஆஃப்ஸ்டெட்டிலிருந்து இன்று காலை அழைப்பு வந்தது. இந்த வாரம் எந்த நாட்களில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று கேட்டார்கள், சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். இதுதான் எனக்கு முதல் இன்ஸ்பெக்‌ஷன்.

ஐந்து வயதுக்குக் கீழே என்னிடம் மூன்று பேர். இரண்டு பேரைப் பற்றிக் கவலை இல்லை, ஒன்பது மாதத்திலிருந்து என் கையில் வளர்ந்தவர்கள். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் அவர்களுக்கு என்ன தெரியும், அடுத்து என்ன சொல்லிக் கொடுக்கிறேன் என்று சொல்வேன். மூன்றாவது பிள்ளைதான் எனக்குப் பிடிபடவில்லை. வயது 26 மாதம். திங்கள், புதன், வெள்ளி வருவான். இன்றோடு ஏழு நாள். நம் ஆட்கள்தான், யாழ்ப்பாணக் குடும்பம். அம்மா, அப்பா இருவருக்கும் வேலை. இதுவரை அம்மம்மாதான் வீட்டில் பார்த்தார்.

ஏழு நாளில் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அழுவதும் இல்லை. வந்ததும் சமையலறையில் இருந்த நீலக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்காருவான். மற்ற இருவரும் விளையாடுவதை அங்கிருந்தே பார்ப்பான். சாப்பிட வாரும் என்றால் வரமாட்டான், கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும்.

சேர்க்கும்போது அம்மாவிடம் ஒரு படிவம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் 'நன்றாகச் செய்வான்' என்று எழுதித் தந்துவிட்டார். இதை வைத்து அவனுடைய தொடக்க நிலையை எப்படி எழுதுவது? வளர்ச்சியைப் பார்த்து நாங்கள் எழுதித் தரும் இரண்டு வயதுச் செக்கையும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்து வைக்க வேண்டுமா? பேச்சு பின்தங்கியிருக்கிறது என்று எழுதலாமா? எழுதினால் அந்தத் தாய் உடைந்து போவார். எழுதாமல் விட்டு, உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அது பிள்ளைக்கு நான் செய்யும் துரோகம். காலையிலிருந்து இதே யோசனைதான்.

ஈஸ்ட்ஹாம்_அன்ரி | திங்கள், இரவு 10.20

தங்கச்சி, முதலில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு வயதுச் செக்குக்கு வெள்ளிக்கிழமை கெடு இல்லை. 24 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் இடையில் செய்தால் போதும். பிள்ளையைத் தெரியாமல் முதல் இரண்டு வாரத்தில் எழுதினால் அது யாருக்கும் உதவாது. 'இன்ன மாதம் செய்யப் போகிறேன், அதற்கு முன் சிறு பிள்ளைகளைப் பார்க்கும் தாதியான ஹெல்த் விசிட்டரின் இரண்டு வயதுப் பரிசோதனை நடந்ததா என்று பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன்' என்று சொல்லத் தெரிந்தால் போதும். பிள்ளையின் உடல்நலப் பதிவான சிவப்புப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். ஹெல்த் விசிட்டரிடம் நீங்கள் நேரே கதைப்பதென்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும், மறக்க வேண்டாம்.

ஃபைல் கட்டுவதை விடுங்கள். ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கான அரசின் ஈ.ஒய்.எஃப்.எஸ் சட்டகத்திலேயே இருக்கிறது: பிள்ளையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையும் உங்கள் தொழில் அனுபவத்தையும் வைத்துத்தான் மதிப்பீடு. அதை நிரூபிக்கப் படமும் தாளும் சேர்க்க வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. என் முதல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பிள்ளைக்கு நாற்பது பக்கம் சேர்த்து வைத்திருந்தேன். இன்ஸ்பெக்டர் அதைத் திறக்கவே இல்லை. முற்றத்தில் நின்ற பிள்ளையைக் காட்டி, 'இவள் ஏன் திரும்பத் திரும்பத் தண்ணியை மாற்றி ஊற்றுகிறாள், நீங்கள் அதை வைத்து என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஃபைலைத் திறந்து தேடினேன். அந்த நாற்பது பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்த இரவுகளில் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

லூட்டன்_தம்பி | திங்கள், இரவு 11.05

நானும் மனைவியும் சேர்ந்துதான் பார்க்கிறோம். அன்ரி சொல்வது சரிதான், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பது எனக்குப் பயம். நாங்கள் ஆப்பில் போடுகிறோம். வயதுக் கட்டம் இருக்கும், 22 முதல் 36 மாதம் வரை என்று. அதில் ஒவ்வொரு வரியாக டிக் போட்டால் எங்கே நிற்கிறான் என்று நிறத்தில் காட்டிவிடும். அதை அச்செடுத்து வைத்துவிடுங்கள் அக்கா.

கோவைத்தமிழ் (ஸ்லவ்) | செவ்வாய், காலை 6.40

நர்சரியில் துணை மேலாளராக இருக்கிறேன். தம்பி சொல்லும் 22–36, 30–50 மாதக் கட்டங்கள் 2012இல் வந்த டெவலப்மென்ட் மேட்டர்ஸ் என்ற வழிகாட்டியில் இருந்தவை. 2020இல் அதைத் திருத்தி எழுதியபோது எடுத்துவிட்டார்கள். இப்போது பிறப்பு முதல் மூன்று வயது வரை ஒரே பகுதி. நடுநடுவே 'இந்த வயதில் இதைக் கவனித்துப் பாருங்கள்' என்று சில இடங்கள் மட்டும் உண்டு. அதையும் டிக் பட்டியலாகப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறார்கள். நிறம் காட்டுகிற ஆப், பையன் ஏன் ஜன்னலோரம் உட்காருகிறான் என்று சொல்லாது.

ஹரோ அக்கா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவனிடம் நீங்கள் எந்த மொழியில் பேசுகிறீர்கள்?

மழலைமுற்றம் (ஹரோ) | செவ்வாய், காலை 7.15

ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் மட்டும்தான். பதிவு செய்தபோது எனக்கு வழிகாட்டிய ஒருவர், பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் தமிழ் வாயில் வரவே கூடாது, ஆஃப்ஸ்டெட் பார்த்தால் பிரச்சினை என்றார். மற்றப் பிள்ளைகள் இருவரும் தமிழர் இல்லை, அதனால் அது பழக்கமாகிவிட்டது. அம்மா அவனை விட்டுவிட்டுப் போகும்போது வாசலில் தமிழில் கதைப்பேன். கதவைச் சாத்தியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவேன்.

இப்போது இதை எழுதும்போதே நெஞ்சு கனக்கிறது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்.

பேச்சும்_மொழியும் | செவ்வாய், மதியம் 1.30

என்.எச்.எஸ் அரசு மருத்துவ சேவையில் பேச்சு, மொழி சிகிச்சையாளர். மதிய இடைவேளையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

உங்களுக்கு வழிகாட்டியவர் சொன்னது தலைகீழ். ஈ.ஒய்.எஃப்.எஸ் என்ன சொல்கிறது? வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு, அந்த மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்புத் தர நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். கூடவே நல்ல ஆங்கிலம் கற்க வாய்ப்பும் தர வேண்டும். மதிப்பிடும்போது ஆங்கிலத் திறனைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் ஆங்கிலம் போதாத குழந்தை என்றால் தாய்மொழியில் என்ன தெரியும் என்று பெற்றோரோடு சேர்ந்து ஆராய வேண்டும். பேச்சுத் தாமதம் என்ற கவலைக்கு இடமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அது. 'முடிந்தால் செய்யுங்கள்' என்பதில்லை, கட்டாயம். அந்த மொழி உங்களுக்கே தெரியும். லண்டனில் எத்தனை பேருக்கு இந்த வசதி கிடைக்கும்!

புதிய வீடு, புதிய மொழி, அம்மம்மா இல்லை. இப்படி வரும் குழந்தை வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூட, பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பது உண்டு. அதைத் தாமதம் என்று எழுத முடியாது. இரண்டு மொழி கேட்டு வளர்வதாலும் பேச்சுத் தாமதம் வருவதில்லை. ஆனால் வீட்டிலும், சொந்த மொழியிலும் பேச்சு இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அதனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. 'நன்றாகப் பேசுவானா' என்று கேட்காதீர்கள், 'ஆமாம்' என்றுதான் வரும். பசித்தால் என்ன சொல்வான், விழுந்தால் என்ன சொல்வான், காக்காவைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டுவானா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பானா என்று கேளுங்கள். பகல் முழுவதும் கூட இருந்தவர் அம்மம்மா. அவரிடமே கேளுங்கள்.

இரண்டு வயதை ஒட்டி ஐம்பது சொல் வரை, இரண்டு சொல்லைச் சேர்க்கத் தொடங்குவது என்பது பொதுவாகப் பார்க்கும் அளவு. இரண்டு மொழிச் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். தமிழுக்கு இன்னொன்றும் உண்டு. ஆங்கிலக் குழந்தை இரண்டு சொல்லில் சொல்வதை நம் குழந்தை ஒரு சொல்லின் வாலில் ஒட்டிவிடும். 'அம்மாட்ட', 'வீட்டுக்கு', 'எனக்கு' என்று வந்தால் அது வெறும் ஒரு சொல் இல்லை, இலக்கணம் தொடங்கிவிட்டது. அப்படி வருவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை ஒரு வேலை. கையாலும் கண்ணாலும் காட்டாமல், தமிழில், ஒரு பொருளை எடுத்து வரச் சொல்லுங்கள். விளங்குகிறதா என்று அதில் தெரியும். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுத் திரும்புகிறானா என்றும் பாருங்கள். பிறந்தபோது செய்த கேள்திறன் சோதனையின் முடிவு என்ன, அடிக்கடி சளி, காதுவலி உண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். நடுக்காதில் நீர் கட்டுவது இந்த வயதில் சாதாரணம், பேச்சுக்கு அது தடையாகலாம். சந்தேகம் இருந்தால் குடும்ப மருத்துவரான ஜீபியிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ போகச் சொல்லுங்கள்.

மழலைமுற்றம் (ஹரோ) | புதன், இரவு 8.30

இன்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் அவன் வழக்கம்போல ஜன்னல் பக்கம் போனான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துடைத்தபடி, 'எங்க உன்ர சப்பாத்து? கொண்டு வா பாப்பம்' என்றேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கரண்டியை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கோபமா, ஆச்சரியமா, இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய் என்ற கேள்வியா. பிறகு எழும்பினான். வாசலுக்குப் போய் இரண்டு சப்பாத்தையும் எடுத்து வந்தான். அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

மதியம் சோறு வைத்தபோது 'காணும்' (போதும்) என்றான். என் வீட்டில் அவனுடைய முதல் சொல். பின்னேரம் பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன், இரண்டு முறையும் திரும்பினான். கேள்திறன் சோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று சிவப்புப் புத்தகத்தில் இருக்கிறது, அம்மா காட்டினார்.

இரவு அம்மம்மாவோடு அரை மணி நேரம் கதைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தண்ணி, பால், மா, காக்கா, ஆனை, வேண்டாம், இஞ்ச, கீழ, சூடு, விழுந்துட்டு... முப்பத்தெட்டுச் சொல், அதில் 'கார்', 'பஸ்', 'பாய்' மூன்றும் ஆங்கிலம். 'எனக்கு' என்பான், 'அம்மம்மாட்ட' என்பான். சேர்த்துச் சொல்வதில் 'தண்ணி வேணும்', 'அப்பா போட்டார்'. படிவத்தில் ஏன் இதெல்லாம் இல்லை என்று அம்மாவிடம் கேட்டேன். 'இங்கிலிஷ் சொல்லைத்தானே கேட்கிறீர்கள் என்று நினைத்தேன் அக்கா' என்றார். படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. தவறு என்னுடையது.

கோவைத்தமிழ் (ஸ்லவ்) | புதன், இரவு 9.05

கண் கலங்கிவிட்டது அக்கா. ஒரு சின்னச் சந்தேகம். 'அப்பா போட்டார்' என்றால் எதைப் போட்டார்? பொருளைச் சேர்க்காமல் விடுகிறானா?

ஈஸ்ட்ஹாம்_அன்ரி | புதன், இரவு 9.12

இல்லையம்மா, எங்கள் பேச்சில் 'போட்டார்' என்றால் போய்விட்டார். காலையில் அப்பா வேலைக்குப் போனதைச் சொல்கிறான். முழு வாக்கியம்.

கோவைத்தமிழ் (ஸ்லவ்) | புதன், இரவு 9.20

நல்ல வேளை கேட்டேன். என்னிடம் வந்திருந்தால் வாக்கியம் அரைகுறை என்று எழுதியிருப்பேன். எனக்கும் தமிழ் தெரியும் என்ற நம்பிக்கையில், வீட்டில் கேட்காமலே விட்டிருப்பேன். இனி தமிழ்க் குழந்தை என்றாலும் வீட்டுச் சொற்களைக் கேட்டு எழுதி வாங்கப் போகிறேன்.

ஈஸ்ட்ஹாம்_அன்ரி | புதன், இரவு 9.40

தங்கச்சி, பேச்சைப் பற்றி இவ்வளவு எழுதினோம். உடல் வளர்ச்சி பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லையே? ஈ.ஒய்.எஃப்.எஸ்ஸில் முதன்மையான பகுதிகள் மூன்று: பேச்சும் மொழியும், உடல் வளர்ச்சி, தனிப்பட்ட, சமூக, மன உணர்வு வளர்ச்சி. பேசாத பிள்ளை என்றதும் எல்லோர் கண்ணும் வாயையே பார்த்தது. ஓடுகிறானா? பந்தை உதைக்கிறானா? இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதிக்கிறானா? இரண்டு வயதை ஒட்டிப் பார்க்க வேண்டியவை இவை. அவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள்?

மழலைமுற்றம் (ஹரோ) | புதன், இரவு 10.30

அன்ரி, நீங்கள் கேட்ட பிறகு ஏழெட்டு நாளையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவன் குதித்து நான் பார்த்ததே இல்லை. வீடு ஆறாவது மாடி. இப்போதே அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். லிஃப்ட்தான், படியில் ஏறுவதே இல்லை. கீழ் வீட்டுக்காரர் சத்தம் என்று சொல்வதால் ஓடவிடுவதும் இல்லை. பூங்காவுக்குத் தள்ளுவண்டியில் போய்த் தள்ளுவண்டியில் வருவான். என் தோட்டத்தில் புல்லில் கால் வைக்கத் தயங்குகிறான், விளிம்பில் நின்று கையை நீட்டுகிறான். வெட்கம் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மற்ற இருவரும் ஓடுகிற இடம் அந்தப் புல்தான்.

ஜன்னலோரம் உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் மொழி என்றால், மீதிப் பாதி இதுவாக இருக்கலாம்.

பேச்சும்_மொழியும் | வியாழன், காலை 7.50

அன்ரிக்கு நன்றி, நானும் அதைக் கேட்கத் தவறிவிட்டேன். வாய்ப்புக் கிடைக்காததால் வராத திறமைக்கும், வாய்ப்புக் கொடுத்தும் வராத திறமைக்கும் வித்தியாசம் உண்டு. சில வாரம் வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் நடையில் தடுமாற்றம் தெரிந்தால் ஹெல்த் விசிட்டரிடம் சொல்ல வேண்டும். பேச்சையும் அப்படியே தொடர்ந்து கவனியுங்கள். 38 சொல், சேர்த்துச் சொல்வது இரண்டு, விளங்குவது நன்றாக. பதற வேண்டியதில்லை, மறந்துவிடவும் வேண்டாம்.

மழலைமுற்றம் (ஹரோ) | வியாழன், இரவு 9.15

ஒரே பக்கத்தில் எழுதிவிட்டேன். வந்தபோது எப்படி இருந்தான், வீட்டில் என்ன சொல்வான், எப்படித் தெரிந்துகொண்டேன், இப்போது என்ன செய்கிறேன் என்று. இப்போதைக்கு எடுத்திருப்பது இரண்டு. தமிழில் சொல்லி அதன் பக்கத்திலேயே ஆங்கிலச் சொல்லையும் வைப்பது, அதுவும் தண்ணி விளையாட்டில், அவனுக்கு அது பிடிக்கும். அப்புறம், வாசல் படியில் ஒவ்வொரு நாளும் கை பிடித்து ஏறி இறங்குவது, புல்லில் வெறும் காலோடு கொஞ்ச நேரம். பேச்சுத் தாமதம் என்று எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

லூட்டன்_தம்பி | வியாழன், இரவு 9.50

அக்கா, இன்று நானும் மனைவியும் ஆப்பை மூடி வைத்துவிட்டு எங்களிடம் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் வாயால் சொல்லிப் பார்த்தோம். ஒரு பிள்ளையிடம் இரண்டு நிமிடத்துக்கு மேல் எங்களால் போக முடியவில்லை. ஆப்பில் அந்தப் பிள்ளைக்கு எல்லாம் பச்சை. நாளைக்கு அவனோடு தரையில் உட்காரப் போகிறேன். உங்களுக்கு நல்லபடி நடக்கட்டும்.

மழலைமுற்றம் (ஹரோ) | வெள்ளி, இரவு 8.40

முடிந்தது. எழுத்தில் அறிக்கை வரச் சில வாரம் ஆகும், அதனால் மதிப்பீட்டைப் பற்றி இங்கே சொல்ல மாட்டேன். 2025 நவம்பரிலிருந்து வந்த புதிய முறையில் மொத்தமாக ஒரே சொல்லில் தீர்ப்பு இல்லை, அறிக்கை அட்டையில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வரும். எல்லாப் பிள்ளைகளையும் அணைத்துப் போகிறோமா என்பதே அதில் ஒரு தனிப் பகுதி.

பாதுகாப்பு பற்றிய கேள்விகள், முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் எதிர்பார்த்தபடிதான். வீட்டைச் சுற்றிக் காட்டியபோது என்ன சொல்லிக் கொடுக்கிறேன், ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் இரண்டு பேசினில் தண்ணி வைத்தேன். அவன் நீலக் கரண்டியோடு வந்தான். புல் விளிம்பில் நின்றான். நான் தூக்கவில்லை. பேசினை ஒரு அடி தள்ளிப் புல்லுக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு காலை வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான். கரண்டியால் அள்ளி மற்றப் பேசினில் ஊற்றத் தொடங்கியதும் இரண்டு காலும் புல்லில் இருப்பதை மறந்துவிட்டான். 'நிறைஞ்சிட்டுது, ஃபுல்' என்றேன். அடுத்த முறை பேசின் வழிந்தபோது என்னைப் பார்த்து 'ஃபுல்' என்றான். மற்றப் பிள்ளைகளில் மூத்தவள் அதைக் கேட்டு ஓடிவந்து அவளும் ஊற்றத் தொடங்கினாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார்: அவனிடம் என்ன சொன்னீர்கள், ஏன் இரண்டு மொழியில்? சொன்னேன். முதல் ஏழு நாள் ஆங்கிலம் மட்டும் பேசினேன், அது தவறு, எப்படி உணர்ந்தேன் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மம்மாவின் சொற்களைச் சொன்னேன். அந்த ஒரு பக்கத்தை எடுக்கவே தேவைப்படவில்லை, எல்லாம் வாயில் வந்தது. புல்லைப் பற்றியும் கேட்டார். ஆறாவது மாடியைச் சொன்னேன். காலையில் அவனைக் கொண்டுவந்த அம்மாவிடமும் கதைத்தார்.

அன்ரி, பேச்சும்மொழியும், கோவைத் தங்கச்சி, தம்பி, உங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருக்கிறது.

லெஸ்டர்_புதியவள் | சனி, காலை 10.10

இப்போதுதான் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். முழுவதையும் இரண்டு முறை வாசித்தேன். அக்கா, அம்மம்மாவிடம் என்னென்ன கேட்டீர்கள் என்று அப்படியே தமிழில் போட முடியுமா? இங்கே எங்கள் தெருவில் பல வீடுகளில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மாவோ அப்பம்மாவோதான்.

மழலைமுற்றம் (ஹரோ) | சனி, பகல் 12.25

தருகிறேன் தங்கச்சி. காகிதத்தில் கிறுக்கியது, இன்று இரவு தட்டச்சு செய்து இங்கேயே போடுகிறேன். கோவைத்தமிழ், உங்கள் பக்கத்துச் சொற்களை நீங்கள் சேர்த்துவிடுங்கள். முதல் கேள்வியை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன்: 'உங்களுக்கு மட்டும் விளங்கும்படி அவன் சொல்லும் சொல் என்ன?' அந்தக் கேள்விக்கு அம்மம்மா சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் பதில் சொன்னார். 'தாத்தா' என்றால் தாத்தா இல்லையாம். கரண்டியாம்.